அனுபவமுள்ள கோச்சுங்களைச் சின்னப் புள்ளைங்ககிட்ட அனுப்புங்க: கொங்கு மாவட்டத்து சாஃப்ட்பால், பேஸ்பால் பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்கள்ல சாஃப்ட்பால், பேஸ்பால் டீமுகளை நடத்துற சங்கத்துப் பெரியவங்களுக்கும், மாவட்ட விளையாட்டு அலுவலருங்களுக்கும், பள்ளிக்கூடத் தாளாளருங்க, தலைமை ஆசிரியருங்களுக்கும்,

வணக்கமுங்க.

நான் கோபி பக்கத்துல இருந்து எழுதறனுங்க. காலேஜ்ல படிக்கறப்ப சாஃப்ட்பால் ஆடுனவ, செகண்ட் பேஸ்ல நின்னவ. கல்யாணம், வேலை, குடும்பம்னு ஆனதுக்கப்பறம் கிரவுண்டு பக்கமே போகல, இப்ப என்ற பொண்ணு ஆட ஆரம்பிச்சதுல மறுபடியும் லீவு நாள் ஆனா கிரவுண்டுலதான் கெடக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லிப்போடறனுங்க. நம்ம பக்கம் இந்த ரெண்டு ஆட்டமும் தெரிஞ்ச, வருஷக்கணக்கா அதுலயே ஊறுன கோச்சுங்க கொஞ்சப் பேருதான் இருக்காங்க. அவங்க எல்லாரும் சீனியர் டீம், யுனிவர்சிட்டி டீம், செலக்ஷன் கேம்ப்புன்னு போயிடறாங்க. பத்து வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் இருக்கற புள்ளைங்களுக்கு அன்னைக்கு யாரு ஃப்ரீயா இருக்காங்களோ அவங்கதான் கோச். இதை அப்படியே திருப்பிப் போடுங்க. இருக்கறவங்கள்ல அனுபவம் கூடுதலா உள்ளவங்களைச் சின்னப் புள்ளைங்ககிட்ட அனுப்புங்க. இது ஒண்ணைக் கேக்கத்தான் இத்தனை நீளமா எழுதறேன்.

இப்ப என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாம இல்லீங்க. போட்டி தேதி வந்ததும் கோ-கோ ஆடற பொண்ணுங்கள்ல நாலு பேரு, த்ரோபால்ல இருந்து மூணு பேரு, நல்லா ஓடறவ ஒருத்தி, கை வலுவா இருக்கற குண்டு எறியற புள்ளை ஒருத்தின்னு ஒரு டீமைச் சேத்தி, ரெண்டு வாரம் பந்து புடிக்க உட்டு, வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போயி எறக்கி உட்டுடறாங்க. ஜெயிச்சா சர்ட்டிபிகேட், தோத்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சர்ட்டிபிகேட் மேல பெத்தவங்களுக்கு இருக்கற ஆசையை நான் தப்பு சொல்லவே மாட்டேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குது, அரசு வேலையில 3 சதவீதம் இருக்குது, தறி ஓட்டற வீட்டுப் புள்ளைக்கும் பனியன் கம்பெனிக்குப் போற அம்மாவோட பையனுக்கும் அது ஒரு வழின்னா தாராளமா அந்த வழியில போகட்டும். ஆனா அந்த வழியில போறதுக்குப் புள்ளைக்குத் தோளும் முழங்கையும் நல்லா இருக்கணுமில்லீங்களா.

பி.டி. வாத்தியாருங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மொத்த ஸ்கூலுக்கும் ஒரே ஆளு, காத்தால பிரேயர்ல இருந்து சாயங்காலம் பஸ் ஏத்தி உடற வரைக்கும் அவருதான், அதுக்கு நடுவுல கபடி, வாலிபால், அத்லெடிக்ஸ், செஸ் எல்லாத்துக்கும் அவரே போகோணும். அவரு படிக்கறப்ப சாஃப்ட்பால் ரூல் புக்கைப் பரீட்சைக்குப் படிச்சிருப்பாரு, கையில க்ளவ் மாட்டி நாலு சீசன் ஆடியிருக்க மாட்டாரு. அவருகிட்ட இதையும் நீயே பாத்துக்கோன்னு தள்ளி உடறது அவருக்கும் பாவம், புள்ளைங்களுக்கும் பாவம்.

இந்த ஆட்டத்துல மொதல் ஒரு வருஷம் கத்துக்கறதுதான் கடைசி வரைக்கும் கூட வரும். நம்மூர்ப் புள்ளைங்க எல்லாம் பொறந்ததுல இருந்து கிரிக்கெட் பாத்து வளர்ந்தவங்க, அதனால பந்தை அடிச்சதும் மட்டையைக் கையிலயே புடிச்சுட்டு ஓடுவாங்க, ஓடிப் போயி தொடற மொத எடமான ஃபர்ஸ்ட் பேஸ்கிட்ட வந்ததும் பிரேக் போட்டு நிப்பாங்க, அங்க தாண்டி ஓடலாம்னு யாராச்சும் சொல்லோணும், அதே மாதிரி செகண்ட் பேஸ்ல தாண்டி ஓடுனா பந்தால தொட்டு, அதாவது டேக் பண்ணி, அவுட் ஆக்கிடுவாங்கன்னும் சொல்லோணும். தரையோட உருண்டு வர்ற பந்துக்கு க்ளவ்வை மேல இருந்து கீழ கொண்டு வருவாங்க, பந்து சந்துல பூந்து போயிடும். மொதல்லயே க்ளவ்வை மண்ணுல வெச்சுட்டு, பந்து எகிறுனா மட்டும் மேல தூக்கோணும், இதுதான் முறை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனா எகிறுன பந்து மூஞ்சியில பட்டு ஒரு தடவை ரத்தம் வந்துட்டா அந்தப் புள்ளை அதுக்கப்பறம் பந்துக்கு நேரா நிக்காது, தலையைத் திருப்பிக்கிட்டுதான் கையை நீட்டும், அந்தப் பயத்தை எடுக்கறதுக்கு ஒரு வருஷம் ஆகும். நல்ல கோச் அந்தப் பயம் வர்றதுக்கு முன்னாடியே டென்னிஸ் பந்துல ஆரம்பிச்சு, முட்டி போட வெச்சு, கையால உருட்டி உட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கெட்டிப் பந்துக்குக் கொண்டு போவாரு.

எங்க பக்கத்துல நடந்தது ஒண்ணு சொல்றனுங்க. என்ற பொண்ணு கூட ஆடற ஒரு புள்ளை இடது கைக்காரி. எழுதறது, எறியறது எல்லாம் இடது கையிலதான். டீம்ல இருக்கற க்ளவ் எல்லாம் இடது கையில மாட்டற க்ளவ், அதாவது வலது கையில எறியறவங்களுக்கானது. அப்ப பாத்துக்கிட்டு இருந்தவரு என்ன பண்ணுனாருன்னா, வலது கையில எறியப் பழகிக்கோன்னு சொல்லிட்டாரு. அந்தப் புள்ளையும் பாவம், வலது கையில எறிஞ்சு எறிஞ்சு பந்து அக்கட்டால இக்கட்டால போயி, எனக்கு இந்த ஆட்டமே வராதுங்க அக்கான்னு எங்கிட்ட அழுவுது. பக்கத்து டவுன்ல ரிட்டயர்டு ஆன பழைய கோச் ஒருத்தரு எங்க கிரவுண்டுக்கு வாக்கிங் வருவாரு. அவரு ஒரு நாள் வேலிகிட்ட நின்னு பாத்துட்டு உள்ள வந்து, "அம்மணி, நீ சோறு எந்தக் கையில சாப்பிடுவே, கல்லு எந்தக் கையில எறிவே"ன்னு கேட்டாரு. கல்லு இடது கையிலன்னு சொன்னதும், இவளுக்கு வலது கைக்கு ஒரு க்ளவ் வாங்குங்க, ஃபர்ஸ்ட் பேஸ்ல நிறுத்துங்கன்னுட்டாரு. இடது கைக்காரி ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்னா க்ளவ் கை உள்பக்கமா இருக்கும், செகண்டுக்கோ தேர்டுக்கோ எறியறப்ப ஒடம்பைச் சுத்தித் திருப்ப வேண்டியதில்ல, அந்த எடத்துக்கு அவங்களைத் தேடிப் புடிச்சு நிறுத்துவாங்க. பெத்தவங்க நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு க்ளவ் வாங்கிக் குடுத்தோம். இப்ப அந்தப் புள்ளையைத் தாண்டி ஃபர்ஸ்ட் பேஸ்ல ஒரு பந்தும் போறதில்லீங்க. அந்தப் பெரியவரு பாக்காம போயிருந்தா அவ அந்த மாசமே நின்னிருப்பா.

இதுக்கு மேல ஒண்ணு இருக்குது, என்ற மனசைப் போட்டு அறுக்கறதும் அதுதான். பிட்சிங், அதாவது மட்டை புடிக்கறவங்களுக்குப் பந்து போடறது.

எங்க பக்கத்து ஸ்கூல் டீம் ஒண்ணுல பதிமூணு வயசுப் பொண்ணு ஒருத்தி நல்லா பிட்ச் போடுவா. நல்லா போடுவான்னா அந்த டீம்ல ஸ்ட்ரைக் விழற மாதிரி, அடிக்கறவங்களுக்கு எட்டற எடத்துக்குள்ள சரியா போடறது அவ ஒருத்திதான். ஒரு போட்டியில ஒரே நாள்ல மூணு மேட்ச், மூணுலயும் அவளே போட்டா. ரெண்டாவது மேட்ச் நடுவுலயே இன்னிங்ஸ் முடிஞ்சு வந்து உக்காந்தா கையை ஒதறிக்கிட்டே இருந்தா, டீமைப் பாத்துக்கறவரு வலி ஸ்பிரே அடிச்சு, கிரேப் பேண்டேஜ் சுத்தி, இன்னும் ஒரு மேட்ச்தான் கண்ணுன்னு அனுப்பி உட்டாரு. அவரு கெட்டவரு இல்லீங்க, அவருக்குத் தெரியல. மறுநாள் காத்தால ஃபைனலுக்குக் கெளம்பறப்ப அந்தப் புள்ளையால ஜடை பின்ன கையைத் தூக்க முடியல, என்ற பொண்ணுதான் பின்னி உட்டா. அதோட போயி ஃபைனலும் போட்டா. அதுக்கப்பறம் ஈரோட்டுல எலும்பு டாக்டருகிட்ட போனாங்க, மாசக்கணக்குல பந்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. அவ இன்னும் கிரவுண்டுக்கு வரல.

சாஃப்ட்பால்ல கைய கீழ இருந்துதானே போடறாங்க, அதுல தோளுக்கு என்ன வந்துடப் போகுதுன்னு நம்மாளுங்க பல பேரு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. அது தப்புங்க. காத்தாடி மாதிரி கையை முழுசா ஒரு சுத்து சுத்திப் போடறப்ப தோள் மூட்டு மேல வர்ற இழுவை மேல இருந்து எறியற பேஸ்பால் பிட்சருக்கு வர்றதுக்கு கிட்டத்தட்ட நிகர்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. பேஸ்பால்ல முழங்கைக்கும் சேத்தி அடி. வளர்ற புள்ளைங்களுக்கு முழங்கை உள்பக்கத்துல எலும்பு இன்னும் முழுசா கூடியிருக்காது, குருத்தா இருக்கும், பதினாலு பதினஞ்சு வயசு தாண்டித்தான் கெட்டியாகும். அது கெட்டியாகறதுக்கு முன்னாடி தெனமும் வேகமா எறிய உட்டா அந்தக் குருத்துதான் இழுபட்டு வலிக்கும். அமெரிக்காவுல சின்னப் பசங்க பேஸ்பால் ஆடற லிட்டில் லீக் அமைப்போட பேரைச் சேத்தி இதுக்கு லிட்டில் லீக் எல்போன்னே பேரு வெச்சுட்டாங்க. பெரியவங்களுக்கு முழங்கையில எலும்பையும் எலும்பையும் இணைக்கற நாரு அந்துபோனா டாமி ஜான் சர்ஜரி பண்றாங்க. 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான்ங்கற பிட்சருக்கு மொதமொதல்ல பண்ணுனது அது. அவரு மறுபடியும் வந்து பல வருஷம் ஆடுனாரு. ஆனா அவருக்குப் பின்னாடி ஒரு பெரிய லீக் டீம் இருந்துச்சு, காசு இருந்துச்சு. பவானியில இருந்தும் காங்கேயத்துல இருந்தும் ஆட வர்ற புள்ளைக்கு யாரு இருக்கா, சொல்லுங்க.

கை சோர்ந்து போனதுக்கப்பறமும் தொடர்ந்து பிட்ச் போடற பசங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படற வாய்ப்பு 36 மடங்கு கூடுதல்னு 2006ல அமெரிக்காவுல டாக்டருங்க ஒரு ஆய்வு எழுதுனாங்க. 36 மடங்குங்க. அதே கோஷ்டி பத்து வருஷம் பசங்களைத் தொடர்ந்து பாத்து, வருஷத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல போட்ட பசங்களுக்கு அடிபடற வாய்ப்பு மூன்றரை மடங்குன்னும் சொன்னாங்க. இந்த மாதிரி ஆய்வுங்களாலதான் அங்க கணக்கு கெட்டியாச்சு. லிட்டில் லீக் 2007ல இருந்து பந்தை எண்ணறாங்க. 2014ல வந்த பிட்ச் ஸ்மார்ட்ங்கற வழிகாட்டியில ஒன்பது பத்து வயசுப் பையன் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 75 பந்து, பதினொண்ணு பன்னெண்டு வயசுக்கு 85, பதிமூணு பதினாலுக்கு 95ன்னு போட்டிருக்காங்க. அதோட, பதினாலு வயசு வரைக்கும் ஒரு நாள்ல 66 பந்து தாண்டிட்டா நாலு நாள் கட்டாயமா ரெஸ்ட். பிட்ச் போட்ட அதே நாள்ல அவனையே கேட்சரா, மட்டைக்காரருக்குப் பின்னாடி பந்து புடிக்க, உக்கார வெக்கக்கூடாதுன்னும் இருக்குது, ஏன்னா கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறியறான், அதுவும் கையிலதான் சேரும். நம்ம பக்கம் பிட்சிங் போட்டு முடிச்சவனையே அடுத்த மேட்ச்ல மாஸ்க்கை மாட்டி உக்கார வெக்கறது சர்வ சாதாரணமா நடக்குது, நீங்களே எத்தனை தடவை பாத்திருப்பீங்க.

ஜப்பான்ல கோஷியென்னு ஹைஸ்கூல் பேஸ்பால் போட்டி, அங்க அது நம்ம பண்ணாரி குண்டம் மாதிரி ஜனம் திரள்ற விசேஷம், ஒரே பையன் நாள் தவறாம போட்டு ஜெயிக்க வெக்கறதை அங்க வீரம்னு கொண்டாடுவாங்க. அவங்களே 2020ல இருந்து ஒரு பையன் ஒரு வாரத்துல 500 பந்துக்கு மேல போடக்கூடாதுன்னு விதி கொண்டு வந்துட்டாங்க. அதுவே கூடுதல்னு சொல்றவங்க அங்க இருக்காங்க. நம்மகிட்ட ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணறது கூட இல்லீங்களே.

உடனே யாராச்சும் உவேனோ பேரை இழுப்பாங்க. யுகிகோ உவேனோ, ஜப்பான் சாஃப்ட்பால் பிட்சர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல ரெண்டு நாள்ல மூணு மேட்ச், மொத்தம் 413 பந்து போட்டு தங்கம் வாங்கிக் குடுத்தவங்க. எனக்கும் அவங்க மேல அம்புட்டு மரியாதை, என்ற பொண்ணு ரூம்ல அவங்க படம் ஒட்டியிருக்கு. ஆனா அப்ப அவங்களுக்கு வயசு 26. வளர்ந்து முடிஞ்ச ஒடம்பு, வருஷக்கணக்கா முறையா ஏத்துன பயிற்சி, பாத்துக்கறதுக்கு ஆளுங்க. அதே உவேனோ டோக்கியோ ஒலிம்பிக்லயும் 39 வயசுல வந்து தங்கம் வாங்குனாங்கன்னா சின்ன வயசுல இருந்து அந்தத் தோளை எப்படிக் காப்பாத்தி வளத்திருப்பாங்கன்னு யோசிக்கோணும். ஏழாவது படிக்கற புள்ளைக்கு அவங்களை உதாரணம் சொல்லி நாலாவது மேட்ச் போடச் சொல்றது ரொம்ப அநியாயமுங்க.

அந்த ரிட்டயர்டு பெரியவரு பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அனுபவம்னா என்னான்னு நான் கண்ணால பாத்தது அவருகிட்டதான். அவரு பிட்சிங் சொல்லிக் குடுக்கறப்ப மொதல்ல கையைச் சுத்தவே உட மாட்டாரு. மஞ்சள் பந்து மேல கருப்பு மார்க்கர்ல சுத்தி ஒரு பட்டை போடுவாரு. புள்ளையை ஒரு முட்டி போட்டு உக்கார வெச்சு, நாலடி தள்ளி இருக்கற ஆளுக்கு மணிக்கட்டை மட்டும் சுண்டிப் போடச் சொல்லுவாரு. பந்து ஒழுங்கா சுழன்டா அந்தக் கருப்புப் பட்டை ஆடாம ஒரே கோடா தெரியும். விரல் கோணலா உட்டா பட்டை தள்ளாடும். "நான் சொல்ல வேண்டாம் கண்ணு, பந்தே சொல்லும் பாரு"ம்பாரு. அது சரியாகறதுக்கு ரெண்டு வாரமோ மூணு வாரமோ ஆகும், அதுவரைக்கும் மணிக்கட்டுதான். அப்பறம் நிக்க வெச்சு அரைச் சுத்து. அப்பறம்தான் முழுச் சுத்து. ஆர்வக்கோளாறுல நாங்க, ஏனுங்க சார் இன்னும் முழுசா போட உடலையான்னு கேட்டா சிரிச்சுக்கிட்டு போயிடுவாரு.

இன்னொண்ணு, மேட்ச் நடக்கறப்ப அவரு பந்தைப் பாக்க மாட்டாரு. புள்ளையோட காலைப் பாப்பாரு. முன்னங்கால் வெக்கற தூரம் கொறைய ஆரம்பிச்சா சோர்ந்துட்டான்னு அர்த்தம், பந்து வரிசையா மேல மேல போனா சோர்ந்துட்டான்னு அர்த்தம், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவுல சும்மா மண்ணைக் காலால தள்ளிக்கிட்டு நேரம் கடத்துனா சோர்ந்துட்டான்னு அர்த்தம். புள்ளை வாயைத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லாதுங்க. டீமை உட்டு எடுத்துடுவாங்கன்னு பயம். அதனால வலிக்குதான்னு கேட்டா இல்லீங்க சார்னுதான் சொல்லும். பாத்துக் கண்டுபுடிக்கறதுக்குத்தான் அனுபவம் வேணும். பெரிய டீம்ல இருக்கற இருவத்திரண்டு வயசுப் பையனுக்குத் தன்னோட ஒடம்பு தெரியும், எனக்கு முடியலன்னு சொல்லிட்டு வெளிய வருவான். பதினொரு வயசுக்கு அது தெரியாது. அதனாலதான் கேக்கறேன், அனுபவம் எங்க அதிகம் தேவைப்படுது, மேலயா கீழயா?

ஒண்ணுமே தெரியாதவங்களுக்குத்தான் ரொம்பத் தெரிஞ்ச வாத்தியாரு வேணும்ங்கறதுக்கு நம்ம நாட்டுலயே சாட்சி இருக்குது. உத்தரப்பிரதேசத்துல ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு பசங்க, பேஸ்பாலைக் கையில தொட்டதே இல்ல, 2008ல ஒரு டிவி போட்டியில வேகமா எறிஞ்சு அமெரிக்கா போனாங்க. அங்க அவங்களை யாரோ சின்னக் கோச்சுகிட்ட உடல, டாம் ஹவுஸ்னு, தானே பெரிய லீக்ல பிட்ச் போட்டவரு, பிட்சருங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதையே வாழ்க்கையா வெச்சிருந்தவரு, அவருகிட்டதான் உட்டாங்க. அதே வருஷக் கடைசியில பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவங்களோட ஒப்பந்தம் போட்டுச்சு. நம்ம சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் பவுலர் நடராஜனையே பாருங்க. ஆட்டம் வேறதான், ஆனா டென்னிஸ் பந்துல ஆடிக்கிட்டு இருந்தப்பவே ஜெயப்பிரகாஷ் அண்ணன்னு ஒருத்தரு பாத்து இவன்கிட்ட விஷயம் இருக்குதுன்னு கூடவே நின்னாரு. இன்னைக்கு நடராஜன் கையில ஜேபின்னு பச்சை குத்தியிருக்கறது எல்லாருக்கும் தெரியும். சொந்த ஊர்லயே கிரவுண்டு கட்டிக் குடுத்திருக்காரு. சின்ன வயசுல சரியான ஆளு பாத்தா என்ன ஆகும்னு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மைதான அளவு பத்தியும் ஒரு வார்த்தை. பேஸ்பால்ல பெரியவங்களுக்கு பிட்சர் நிக்கற எடத்துல இருந்து மட்டைக்காரரு நிக்கற ஹோம் பிளேட் வரைக்கும் 60 அடி 6 அங்குலம், பேஸுக்குப் பேஸ் 90 அடி. நம்ம பக்கம் சுண்ணாம்பு போடறவரு ஒரே அளவைத்தான் போடறாரு, பத்து வயசுப் பையனும் அதுலதான் ஆடறான். அங்க இருந்து பந்து எட்டணும்னா அவன் இருக்கற தம்மெல்லாம் கூட்டி முழங்கையால வீசித்தான் ஆகோணும். 1939ல பென்சில்வேனியாவுல வில்லியம்ஸ்போர்ட்டுங்கற ஊர்ல கார்ல் ஸ்டாட்ஸ்ங்கறவரு சின்னப் பசங்களுக்குன்னு லிட்டில் லீக் ஆரம்பிச்சப்பவே பேஸ் தூரத்தை 60 அடியா கொறைச்சுட்டாரு, பிட்சிங் தூரம் இப்ப அந்தப் பசங்களுக்கு 46 அடி. சாஃப்ட்பால்லயும் பெரிய பொண்ணுங்களுக்கு 43 அடின்னா சின்னவங்களுக்கு 40, அதைவிடச் சின்னவங்களுக்கு 35, பந்தும் 12 அங்குலத்துக்குப் பதிலா 11 அங்குலச் சுத்தளவு. இதுக்கு ஒரு பைசா செலவில்லீங்க. டேப்பை வெச்சு அளந்து கோட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடோணும், அவ்வளவுதான். அனுபவமுள்ள ஆளு ஒருத்தரு அங்க நின்னா மொத வேலையா இதைத்தான் பண்ணுவாரு.

சரி, அனுபவமுள்ள ஆளுங்களுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. இருக்காங்க. பெரியநாயக்கன்பாளையம் மாருதி உடற்கல்விக் கல்லூரி மாதிரி எடத்துல படிச்சுட்டு முப்பது வருஷம் ஸ்கூல்ல வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவங்க நம்ம ஒவ்வொரு டவுன்லயும் இருக்காங்க. அறுவது வயசுல வேலை முடிஞ்சுது, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, காத்தால வாக்கிங் போயிட்டு டீக்கடையில பழமை பேசிக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவை மரியாதையா கூப்பிட்டுப் பாருங்க, ஓடி வருவாங்க. ஆனா சும்மா கூப்பிடாதீங்க, மாசம் ஒரு தொகை குடுங்க, பெட்ரோலுக்காச்சும் குடுங்க. சேவைன்னு சொல்லி ஒரு மனுஷனோட முப்பது வருஷ அறிவை இலவசமா வாங்கக்கூடாதுங்க.

அப்பறம் என்ற செட்டுப் பொண்ணுங்க. எங்க கூட ஆடுன பல பேரு இன்னைக்கு திருப்பூர்ல, கரூர்ல, திருச்செங்கோட்டுல இருக்காங்க. ஒருத்தி துணிக்கடை வெச்சிருக்கா, ஒருத்தி எல்.ஐ.சி. ஏஜெண்டு, ஒருத்தி வீட்டுலதான் இருக்கா, அவ போட்ட ரைஸ் பால், மேல எழும்பற மாதிரி வர்ற பந்து, இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ள இருக்குது. இவங்க எல்லாருக்கும் ஆட்டம் கையில இருக்கு, சொல்லிக் குடுக்கற முறை தெரியாது. ரெண்டு வாரம் ஒரு கோச்சிங் கிளாஸ் வெச்சு, அடிப்படையும் மொதலுதவியும் சொல்லிக் குடுத்து, ரிட்டயர்டு ஆன பெரியவங்களுக்குப் பக்கத்துல உதவிக்கு நிறுத்துங்க. ரெண்டு மூணு வருஷத்துல அவங்களே கோச் ஆயிடுவாங்க. பொம்பளைப் புள்ளைங்க டீமுக்குப் பொம்பளை ஒருத்தி கூட இருந்தா பெத்தவங்க தைரியமா வெளியூர் மேட்சுக்கு அனுப்புவாங்க, மாசாந்திர நாள்ல ஓடச் சொல்லாதீங்கன்னு புள்ளையும் வாயைத் தொறந்து சொல்லும். பன்னெண்டு பதிமூணு வயசுல பொண்ணுங்க ஆட்டத்தை உட்டு நிக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம், இதைப் பத்தி ஆம்பளைங்க மட்டும் உக்காந்திருக்கற கமிட்டியில யாரும் பேசறதில்ல.

போட்டி நடத்தறவங்ககிட்ட தனியா ஒண்ணு கேட்டுக்கறனுங்க. சின்னவங்க போட்டியில ஒரு டீமுக்கு குறைஞ்சது ரெண்டு பிட்சர் பேரு குடுத்தாத்தான் எண்ட்ரின்னு சொல்லுங்க. ஸ்கோரர் பக்கத்துல ஒருத்தரை உக்கார வெச்சு பந்தை எண்ணச் சொல்லுங்க, எண்ணிக்கை தாண்டுனா அம்பயர் சொல்லி மாத்திடணும், டீம் கெஞ்சுனாலும் உடக்கூடாது. சாஃப்ட்பாலுக்குன்னு தனியா கணக்கு உலகம் முழுக்க இன்னும் கெட்டியா வரல, பரவாயில்ல, பேஸ்பால் கணக்கையே நாம எடுத்துக்கலாம், அதுல தப்பு ஒண்ணும் வந்துடாது. இதை எங்கிருந்தாச்சும் உத்தரவு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், ஈரோடு வ.உ.சி. மைதானத்துல நடக்கற ஒரு போட்டியில ஆரம்பிச்சா அடுத்த வருஷம் மத்த மாவட்டமும் புடிச்சுக்கும். நாம பந்தை எண்ண ஆரம்பிச்சா ஒவ்வொரு ஸ்கூலும் தானா ரெண்டாவது பிட்சரைத் தயார் பண்ண ஆரம்பிச்சுடும், அதுக்கு வாத்தியாரு வேணும்னு தேட ஆரம்பிச்சுடும்.

2028ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் மறுபடியும் வருது. டிவியில பாத்துட்டு புள்ளைங்க கூட்டமா வருவாங்க, எனக்கும் ஆடோணும்பாங்க. அந்த சமயத்துல ஆளு இல்லாம தடுமாறிக்கிட்டு நிக்கக்கூடாது. இப்ப இருந்தே தயார் பண்ணுனா சரியா இருக்கும்.

எங்க பக்கம் பெத்தவங்க நாங்க பேசி வெச்சிருக்கறதையும் எழுதிடறனுங்க. ஊர்ப் பொதுக் கிரவுண்டு இருக்குது, முள்ளு வெட்டி சுத்தம் பண்ணிட்டோம், கூழாங்கல்லு பொறுக்கியாச்சு, டேங்க்கர் தண்ணி அடிச்சு மண்ணை எறுக்க ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு. பழைய சைக்கிள் டியூப்பும் பி.வி.சி. பைப்பும் வெச்சு பேட்டிங் டீ, அதாவது பந்தை மேல வெச்சு அடிச்சுப் பழகற ஸ்டாண்டு, நாங்களே பண்ணியிருக்கோம். ஏப்ரல் மே லீவுல காத்தால ஆறுல இருந்து எட்டரை வரைக்கும், வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சுக்கலாம். புள்ளைங்களுக்குக் கம்மங்கூழும் மோரும் எங்க பொறுப்பு, வர்ற கோச்சுக்குப் போக்குவரத்தும் சாப்பாடும் எங்க பொறுப்பு. பந்து எண்ணற நோட்டும் நானே போட்டு வெச்சுட்டேன், ஒரு புள்ளைக்கு ஒரு பக்கம். நாங்க கேக்கறது சீனியர் கேம்ப்ல இருக்கற உங்க மூத்த கோச்சுங்கள்ல ஒருத்தரை வாரத்துக்கு மூணு நாள் இங்க அனுப்பி வெக்கணும்ங்கறது மட்டும்தான். மார்ச் மாசத்துக்குள்ள யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சா புள்ளைங்க பேரைப் பதிஞ்சு வயசு வாரியா பிரிச்சு வெச்சுடுவோம். பதில் போடுங்க.

இப்படிக்கு,
சாஃப்ட்பால் ஆடற பொண்ணோட அம்மா,
கோபிச்செட்டிபாளையம் பக்கம், ஈரோடு மாவட்டம்.